கத்தியில்லாத சர்ஜரிக்கு ரத்தம் கொடுக்க வந்தவர்கள்

“...வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல டாக்டர், மொத்தத் தலைக்கும்னா வேண்டாம்னு சொல்றேன். ரெண்டுக்கும் நடுவுல ஒரு கடலே கிடக்கு” என்றாள் என் மனைவி.

சென்னையில் ஓர் ஆஸ்பத்திரி அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கண்ணாடியில் அழுக்கு ஒன்றும் இல்லை. யோசிக்க நேரம் வேண்டும் என்று டாக்டர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள் போலிருக்கிறது, துடைத்துத்தான் வாங்கிக்கொள்கிறார்கள். அவர் துடைத்து முடிப்பதற்குள், நாங்கள் அந்த அறைக்கு இரண்டாவது தடவை வந்து உட்கார்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் அந்தமானில், பாம்பூஃப்ளாட்டில், ஃபேனுக்கும் மோட்டாருக்கும் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனது. அதற்கப்புறம் படித்ததெல்லாம் ரிப்பேருக்கு வரும் சாமான்களையும் அதைத் தூக்கிக்கொண்டு வரும் மனிதர்களின் பேச்சையும்தான். என் மனைவி தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்களுக்கு டிக்கெட் கொடுக்கிற இடத்தில், விசாரணை ஜன்னலில் உட்காருகிறவள். தினமும் காலையில் ஃபெரி ஏறி எதிர்க்கரை சாத்தம் போய் அங்கிருந்து பஸ். எந்தக் கப்பல் எந்தக் கிழமை எங்கே போகும், எது ரிப்பேரில் நிற்கிறது, எது காற்றுக்காகத் தள்ளிப்போகும் என்பதெல்லாம் அவளுக்குத் தலைக்குள் இருக்கும். நோட்டீஸ் போர்டிலும் அதையெல்லாம் ஒட்டித்தான் வைத்திருப்பார்கள். ஜனங்கள் அந்தக் காகிதத்தை ஒழுங்காகப் படித்துவிட்டு, நேராக ஜன்னலுக்கு வந்து, “இது நெசமா தீதி?” என்று கேட்பார்கள். தீவில் அக்காவுக்கு தீதி என்றுதான் பேர். அவள் தலையாட்டினால்தான் கப்பல் புறப்படும் என்கிற மாதிரி.

அப்படிப்பட்டவள் ஒரு தடவை தெற்குக் கோடியில் இருக்கும் கேம்பல் பேக்குப் போகும் கப்பல் செவ்வாய்க்கிழமை என்று சொல்லிவிட்டாள். கப்பல் திங்கட்கிழமையே போய்விட்டது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று கேம்பல் பேயில் குடியேறிய ஒரு பஞ்சாபிப் பெரியவர் செவ்வாய்க்கிழமை பெட்டி படுக்கையோடு கப்பல் துறையில் நின்று பார்த்துவிட்டு ஜன்னலுக்குத் திரும்பி வந்தார். சண்டைக்கு வந்தார் என்று நினைப்பீர்கள். “பேட்டி, ஜஹாஸ் கலத் சலா கயா” என்றாராம். மகளே, கப்பல் தப்பாகப் போய்விட்டது என்கிறார். கப்பல் மேல்தான் அவருக்குச் சந்தேகம், அவள் மேல் இல்லை. அவள் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இரண்டு வாரம் கழித்து அவள் கையிலிருந்து பேனா தானாக நழுவியபோதும், காலையில் எழுந்ததும் தலைவலியும் வாந்தியுமாக உட்கார்ந்தபோதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான்கு வருடத்துக்கு முன் அவளுக்கு மார்பில் கேன்சர் வந்திருந்தது. அறுத்து, மருந்து ஏற்றி, கதிர் வைத்து, எல்லாம் முடிந்தது என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார்கள். போர்ட் பிளேரில் தலையை ஸ்கேன் எடுத்தபோது மூன்று புள்ளி தெரிந்தது. பெரியது ஒரு நிலக்கடலைப் பருப்பு அளவு.

“இது மூளையில புதுசா வந்த நோய் இல்லம்மா. அந்தப் பழைய நோய்தான் ரத்தத்தோட போய் அங்க குடியேறியிருக்கு” என்றார் அங்கிருந்த டாக்டர்.

“நாங்களும் எங்கிருந்தோ வந்து குடியேறுனவங்கதான் டாக்டர். எங்களுக்கெல்லாம் கவர்மெண்டு பட்டாவே குடுத்துச்சு” என்றாள் இவள்.

அந்த டாக்டர் சின்ன வயசு. சிரிப்பதா, கூடாதா என்று தெரியாமல் தண்ணீர் குடித்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். ரேடியோசர்ஜரி என்று ஒன்று இருக்கிறது, மெயின்லாந்தில்தான் செய்ய முடியும். புள்ளிகள் கொஞ்சமாக, சின்னதாக இருக்கும்போதே போக வேண்டும், புள்ளியை மட்டும் குறிவைத்து அடிப்பார்கள். பெருகிவிட்டால் மொத்தத் தலைக்கும் கதிர் வைக்க வேண்டி வரலாம். அதில் நோய் அடங்கும், ஆனால் ஞாபகம் கொஞ்சம் மங்கலாம்.

இத்தனையும் கேட்டு அவள் காதில் தங்கியது கடைசி வார்த்தைதான். ஃபெரியில் திரும்பும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள்: “உசிரு போனா போகட்டும்னு வீரமெல்லாம் பேச மாட்டேங்க. உசிரும் வேணும். ஆனா ஜன்னல்ல உக்காந்துக்கிட்டு, நோட்டீஸ் போர்டைப் பாத்துக்கங்கன்னு சொல்றவளா நான் பொழைச்சுக் கிடக்கணுமா?”

 அவள் சொல்லும் கப்பல் ஊர்ப் பெயர்களில் பாதி எனக்கு இப்போதும் வரிசை தப்பும்.

அவசரமாகப் போக வேண்டும் என்று டாக்டர் சொன்னாரல்லவா, அவசரமாகவே எல்லாம் நடந்தது. மெயின்லாந்துக்கு அனுப்பும் ஃபைல் மூன்று வாரத்தில் மூன்று மேஜை நகர்ந்தது. எங்கள் கடற்கரையில் ஆமைகூட முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கும். நடுவில் மழை, காற்று, ஒரு கையெழுத்துக்காரருக்கு மாமனார் வீட்டில் விசேஷம். இந்த மூன்று வாரமும் புள்ளிகள் லீவு எடுத்திருக்கும் என்று நாங்கள் நம்பினோம்.

தீவிலிருந்து ஒருவர் மெயின்லாந்து போகிறார் என்றால் அவர் அப்புறம் தனி ஆள் இல்லை, ஊரின் தபால் பை. எதற்குப் போகிறார் என்பது முக்கியமில்லை. பக்கத்து வீட்டு வங்காளி தீதி முதலில் வந்து இவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தாள். மிக்ஸி ஜார் ஒன்று, அதற்கு மாடல் நம்பர், மூடி கண்ணாடியாக இருக்க வேண்டும்.

“ஜல்தி நஹி ஹை பாபி. தலை ஆபரேஷன் முடிஞ்சி, ஆராம் கர்கே, மெதுவா வாங்கிட்டு வா” என்றாள். அவசரமில்லை அண்ணி, ஓய்வெடுத்துவிட்டு என்கிறாள். அவளுக்குத் தமிழ் வரும், அழுதால் மட்டும் பாதிதான் வரும்.

அவளைப் பார்த்து நாலு பேர். போகும் பக்கத்துக்குக் கருவாடு, தேங்காய் எண்ணெய். வரும் பக்கத்துக்குப் பட்டுப் பாவாடை, மோட்டார் பேரிங், ஒரு ஜோடி செருப்பு. செருப்பு அளவுக்காகக் காகிதத்தில் பாதத்தை வரைந்து கொடுத்தார் ஒருவர். இவள் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. சீட்டுகளை ஒரு கவரில் போட்டு, மேலே ‘அவசரமில்லை’ என்று எழுதி வைத்தாள். ஃபைல்காரர்களிடமிருந்து கற்றுக்கொண்டது.

இதில் பெரிய கை எங்கள் தெருவில் இருக்கும் கான்ட்ராக்டர் அண்ணாச்சி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பாதித் தெருவைக் கட்டியவர். எதையும் சாமானும் ஆளுமாகத்தான் அவருக்கு யோசிக்க வரும்.

“சர்ஜரின்னா ரத்தம் வேணும்லா? மண்டை வேற. மண்டையில நிறைய ரத்தம் போகும். நான் அன்னைக்குச் சென்னையிலதான் இருப்பேன். நாலு ஆளு நான் தாரேன். ஒவ்வொருத்தனும் மாடு மாதிரி இருப்பான்.”

“கத்தியே இல்லைன்னு டாக்டர் சொன்னார் அண்ணாச்சி” என்றேன்.

“அப்படித்தான்டே சொல்லுவானுவ. நாம பயந்திரக் கூடாதுல்லா.”

அண்ணாச்சி கப்பலில் முன்னால் போகிறார் என்று தெரிந்ததும் இவளுக்கு ஒரு யோசனை. போர்ட் பிளேர் ஸ்கேனின் சிடியை அவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டால், நாங்கள் விமானத்தில் போய்ச் சேரும் முன்னால் சென்னை டாக்டர் பார்த்துவிடுவார். ஆஸ்பத்திரிக்காரர்கள் படங்களை நெட்டில் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். நானும் சொன்னேன். இவள் என்னைப் பார்த்த பார்வையில் தீவிலுள்ள எல்லாக் கப்பல் மாலுமிகளும் இருந்தார்கள்.

“நெட்டுல அனுப்புனா அது எங்க போய் நிக்கும்னு யாருக்கும் தெரியாது. கப்பல் எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியும்.”

கப்பல் மூன்று நாளில் சென்னைக்கு வெளியே வந்து நின்றது. உள்ளே இடமில்லை. நங்கூரம் போட்டுக் காத்திருந்தது. நாங்கள் விமானத்தில் இரண்டு மணி நேரத்தில் போய் இறங்கி, டாக்டர் முன்னால் வெறுங்கையோடு உட்கார்ந்தோம். பழைய ஸ்கேன் எங்கே என்று அவர் கேட்டார். இவள் எந்தத் தயக்கமும் இல்லாமல் கிழக்குப் பக்கம் கையைக் காட்டி, துறைமுகத்துக்கு வெளியே எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, எப்போது உள்ளே வர வாய்ப்பு என்று சொன்னாள். எல்லாம் சரியான தகவல். டாக்டருக்குத்தான் படகு இல்லை.

நல்லவேளை, எப்படியும் புதிதாக ஒரு ஸ்கேன் எடுத்தாக வேண்டும் என்றார். எங்களை மாதிரி வந்து சேர நாளாகிறவர்களுக்குப் பழைய படத்தை வைத்துக் குறிபார்க்க முடியாதாம். எடுத்தார்கள். புள்ளிகள் லீவு எடுக்கவில்லை. மூன்று நான்காகியிருந்தது.

 அன்று அந்த அறையில் இவள் நாற்காலியின் கைப்பிடியில் விரலால் எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். டாக்டர் திரையில் நான்கையும் காட்டினார். எல்லாம் இன்னும் சின்னதாகத்தான் இருக்கிறது, செய்யலாம் என்றார். அப்போதுதான் நான் மூச்சு விட்டேன். இவள் எண்ணுவதை நிறுத்தினாள்.

அவர் விளக்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. கதிர்களைப் பல பக்கத்திலிருந்து மெல்லிசாக அனுப்புவார்களாம். தனித்தனியாக ஒவ்வொன்றுக்கும் பெரிய பலம் இல்லை, போகிற வழியில் இருப்பதை அதிகம் கெடுக்காது. எல்லாம் வந்து கூடுகிற இடத்தில்தான் அடி விழும். அந்த இடம் புள்ளியாக இருக்கும்படி கணக்குப் போட ஒரு தனிக் கூட்டமே இருக்கிறது. எனக்கு என் காயில்தான் ஞாபகம் வந்தது. ஒரு சுற்றுக் கம்பியில் பெரிய சக்தி ஒன்றும் இருக்காது, அத்தனை சுற்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் மோட்டாரே சுற்றும். இதைச் சொன்னேன். டாக்டர் “கிட்டத்தட்ட அப்படித்தான்” என்றார். கிட்டத்தட்ட என்றால் இல்லை என்று அர்த்தம் என்று வெளியே வந்ததும் இவள் சொன்னாள்.

தலை அசையக் கூடாது என்பதற்காக முகத்துக்கு ஒரு கூடு செய்கிறார்கள். வெந்நீரில் இளகிய வலை மாதிரி ஒரு பிளாஸ்டிக் பலகையை முகத்தின் மேல் அழுத்துகிறார்கள், ஆறினதும் அப்படியே முகத்தின் வடிவத்தில் இறுகிவிடுகிறது. கதிர் அடிக்கும் நாளில் அதை மாட்டி மேஜையோடு பூட்டிவிடுவார்கள். அந்த நாளும் வந்தது.

“ஆடக்கூடாது, பேசக்கூடாதும்மா” என்றாள் அந்த வேலையைச் செய்யும் பெண்.

“எவ்வளவு நேரம்?”

“முக்கால் மணி நேரம் இருக்கும்.”

இவள் என் பக்கம் திரும்பினாள். “போங்க, வெளிய போய் ஒரு டீ குடிங்க. கல்யாணம் ஆனதுலருந்து உங்களுக்கு இப்படி ஒரு முக்கால் மணி நேரம் கிடைச்சதில்ல.”

நான் டீ குடிக்கப் போகவில்லை. கதவுக்கு வெளியே திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷினின் பெரிய கை ஒன்று அவளைச் சுற்றிச் சுற்றி வந்தது. முகம் கூட்டுக்குள். கால் பெருவிரல் மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. கால் ஆடலாமா என்று திரை முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் கேட்டேன். தலைதான் ஆடக்கூடாது என்றாள்.

அப்போதுதான் அண்ணாச்சி வந்தார். கப்பல் ஒருவழியாக உள்ளே வந்திருந்தது. ஒரு கையில் சிடி, பின்னால் சொன்னபடியே நாலு ஆள். காலையிலிருந்து ஆளுக்கு மூன்று டம்ளர் ஜூஸ் குடித்துத் தயாராக வந்திருந்தார்கள். ரத்தம் தேவையில்லை என்று நர்ஸ் சொன்னதும் நாலு பேர் முகமும் விழுந்துவிட்டது.

“ஒரு பாட்டில்கூட வேண்டாமா?” என்றான் அவர்களில் பெரியவன்.

“வெட்டவே இல்லைங்க. எதுக்கு ரத்தம்?”

அண்ணாச்சி நர்ஸை ஓரமாக அழைத்துப் போனார். என்ன பேசினாரோ, கடைசியில் நாலு பேரும் ரத்த வங்கிக்குப் போய், யாருக்கோ தேவைப்படட்டும் என்று கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். என் மனைவி தன் கால்களால் நடந்து வெளியே வந்து, “பசிக்குது” என்றாள். நெற்றியில் வலையின் தடம், பழைய பாய் மேல் படுத்து எழுந்த மாதிரி. அவ்வளவுதான் காயம். உள்ளே என்ன செய்தாய் என்று கேட்டேன். “டிக்லிபூர்ல ஆரம்பிச்சு, மாயாபந்தர், ரங்கத் வழியா, கார் நிக்கோபார் போய், கேம்பல் பே வரைக்கும் மூணு தடவ போயிட்டு வந்தேன். ஒரு எடம்கூட விடல” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதற்குள் கைக்குட்டையைப் பிழிந்து கயிறாக்கியிருந்தாள்.

ஊருக்குத் திரும்பியதும் புதுக் கஷ்டம். யாரும் நம்பவில்லை. கட்டு இல்லை, மொட்டை இல்லை, தையல் இல்லை. தீதி மிக்ஸி ஜாரை வாங்கி வைத்துவிட்டு இவள் தலைமுடியை வகிடு வகிடாகப் பிரித்துப் பேன் பார்க்கிற மாதிரி தேடினாள்.

“கஹான் காட்டா?” எங்கே வெட்டினார்கள் என்று கேட்டாள்.

“வெட்டல தீதி.”

தீதி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் கேட்டாள், டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்களா என்று. தெரு முழுக்க அந்தச் சந்தேகம் இரண்டு நாள் ஓடியது. அண்ணாச்சி ஊர் திரும்பிய பிறகுதான் அடங்கியது. எங்கள் ஆட்கள் நாலு பேர் ரத்தம் கொடுத்துத்தான் பிழைத்தாள் என்று அவர் டீக்கடையில் சொன்னார். அது எல்லோருக்கும் புரிந்தது. ஊர் வரலாற்றில் இன்று வரைக்கும் அதுதான் நடந்தது. நானும் திருத்தவில்லை. ரத்தம் கொடுத்தது உண்மைதானே.

மூளையில் வீக்கம் வற்றக் கொடுத்த மாத்திரையில் அவளுக்கு அகோரப் பசியும் அதற்கு மேல் கோபமும். மாத்திரையைக் குறைத்ததும் இரண்டும் குறைந்து பழைய கோபம் மட்டும் மிச்சம் இருந்தது. பேனா கையில் நின்றது. ஒரு மாதத்தில் ஜன்னலுக்குத் திரும்பினாள். அங்கே எல்லோரும் ரொம்ப மரியாதையாக அவளைச் சோதித்தார்கள். ஹட் பே போகவே போகாத ஆள் வந்து ஹட் பே கப்பல் எப்போது என்பார். இவள் சொன்னதும் திரும்பிப் போய் நோட்டீஸ் போர்டைப் பார்த்துக்கொள்வார். எத்தனை வருடமாக அந்தப் போர்டைக் கண்ணெடுத்துப் பார்க்காதவர்கள்.

அவர்களை விட அவள்தான் தன்னை அதிகம் சோதித்தாள். ஒரு நாள் காலை நானும் சாத்தத்துக்குச் சாமான் வாங்க அதே ஃபெரியில் போனேன். எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். கண்ணாடி ஜன்னலில் அவள் உதடு அசைவது தெரிந்தது. ஊர்ப் பெயர்கள், கிழமைகள். நடுவில் ஓரிடத்தில் நின்றாள். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஃபெரி கரை தொடும் முன் முடித்துவிட்டு, புடவையை உதறிச் சரி செய்துகொண்டு இறங்கினாள். நான் பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை. இப்போது இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள், அதற்கு எனக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கும்.

மூன்று மாதம் கழித்து ஸ்கேனுக்காகத் திரும்பவும் சென்னை. நான் ஆரம்பத்தில் சொன்ன அறை இதுதான். பழைய நான்கும் சுருங்கியிருந்தன, ஒன்று இருந்த இடமே தெரியவில்லை. டாக்டர் அதை முதலில் சொன்னார். நல்லதை முதலில் சொல்கிறார்களே என்று நான் அப்போதே நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

“ஆனா வேற எடத்துல புதுசா ரெண்டு வந்திருக்கும்மா. ரொம்பச் சின்னது. இதையும் முன்ன மாதிரி அடிக்கலாம். ஆனா இப்படி ஒவ்வொண்ணா துரத்திக்கிட்டே இருக்கணுமா, இல்ல, கண்ணுக்குத் தெரியாம இருக்கறதையும் சேர்த்து மொத்தத் தலைக்கும் கதிர் வெச்சிடலாமான்னு நீங்க யோசிக்கணும். வேண்டாம்னா ஏன் வேண்டாம்னு எனக்குப் புரியணும்” என்றார்.

அதற்குத்தான் இவள் அந்த ‘நடுவுல ஒரு கடலே கிடக்கு’ என்ற பதிலைச் சொன்னாள். அவர் கண்ணாடியைத் துடைத்து முடித்து மாட்டிக்கொண்டார்.

“சரி. இந்த ரெண்டையும் அடிச்சிடலாம். இன்னொண்ணையும் சொல்லிடறேன். ஒரு நாள் இந்த வழியும் அடைபடலாம், அன்னைக்கு மறுபடி பேசுவோம். அது வரைக்கும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை நீங்க இங்க இருக்கணும். ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது. மழை, காத்து, ஃபைல்னு எங்கிட்ட சொல்லக் கூடாது. தீவுல இருந்துக்கிட்டு உங்களால முடியுமா?”

நான் வாயைத் திறந்தேன். எங்கள் ஊரில் எதையும் தேதி போட்டுச் சொல்ல முடியாது என்று சொல்ல வந்தேன்.

அதற்குள் அவள் மேஜை மேல் நின்ற காலண்டரைத் தன் பக்கம் இழுத்தாள். மூன்று தாளைத் திருப்பினாள். விரல் ஒவ்வொரு கிழமையாகக் கீழே இறங்கி, இரண்டு இடத்தில் நின்று, வேண்டாம் என்று தள்ளி, மூன்றாவது இடத்தில் நின்றது. டாக்டரின் பேனாவைக் கேட்காமலே எடுத்து அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். பிறகு, ஜன்னலில் டிக்கெட்டைத் தள்ளுகிற மாதிரி, காலண்டரை அவர் பக்கம் திருப்பித் தள்ளி வைத்தாள்.